பள்ளத்துப் பக்கம் திருப்பியவன்

அந்த ஸ்டீரிங் வளையத்தை ஏதாவதொரு மூலையில் சும்மா சாத்தி வைத்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. சுவரில் ஆணியடித்து, கீழே பித்தளைத் தகடு பதித்து, மேலே சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கையும் எரியவிட்டு, சாமி படத்தை மாட்டுவதுபோல் மாட்டியிருந்தார்கள். நடுவில் மூன்று அலுமினியக் கைகள், அவற்றில் வரிசையாகத் துளைகள், சுற்றிலும் தேன் நிறத்தில் மரம். மரத்துக்குப் புதிதாக மெருகு போட்டிருந்தார்கள். ஆனால் வலதுபுறக் கை மரத்தோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. மெருகு அதற்குள் இறங்கிக் கறுத்துப் போயிருக்கிறது. ஆயிரம் வளையங்களைக் குவித்து வைத்தாலும் அந்த விரிசலை நான் அடையாளம் காட்டுவேன். அது உண்டான அதே நொடியில்தான் என் வலது பெருவிரலும் உடைந்தது. விரல் இன்றுவரை நேராகவில்லை. சட்டைப் பொத்தானைப் போடும்போதெல்லாம் அது அந்த மனிதரை நினைவுபடுத்துகிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இலங்கையில் நமுனுகுல மலைப்பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தின் துரை பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டல். உறவுக்காரப் பிள்ளையின் நிச்சயதார்த்த விருந்து அங்கே என்றதும் போக வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு காலத்தில் பின்வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற வீட்டுக்குள் முன்வாசல் வழியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அதிலும் ஒரு திருப்தி இருக்கிறது என்றார்கள் வீட்டில். அந்தத் திருப்தியைத் தேடித்தான் போனேன். கைகழுவப் போகிற வழியில் இந்த வளையம் கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

வளையத்துக்குச் சொந்தக்காரர் எங்கள் தோட்டத்துச் சின்னதுரை. வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போய், அந்த நாற்காலிகளில் கொழும்புப் பெரிய பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் வந்து உட்கார்ந்த காலம் அது. அரசாங்கம் தோட்டங்களை எடுப்பதற்குச் சில வருடங்கள் இருந்தன. ‘அவர்’ என்று எழுதுகிறேனே தவிர அது மரியாதையால் அல்ல, பழக்கதோஷம். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளில் அவர் முதுகுக்குப் பின்னால் ‘அவன், இவன்’ என்று பேசியவன்தான் நானும். எழுத உட்கார்ந்தால் மட்டும் கை இன்னும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறது. செத்துப்போனவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அவர் உயிரோடு இருந்தபோது என்னைப் பற்றி ஒரே ஒரு நல்ல வாக்கியம் சொல்ல வேண்டிய இடம் வந்தது. அவர் சொல்லவில்லை. ஆகவே நானும் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்லக் கடமைப்பட்டவன் அல்ல.

நான் அப்போது தோட்டத்து லொறி டிரைவர். பெட்டியடித்த தேயிலையைப் பதுளை ஸ்டேஷனில் இறக்குவதும், திரும்பும்போது அரிசியும் மாவும் உரமும் ஏற்றி வருவதும் என் வேலை. ஹாலிஎல வழியாக வரும்போது லொறியின் ஹார்னை ஒருதரம் தேவையில்லாமல் அடிப்பேன். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான். லயத்துப் பிள்ளை ஒருவன் மண்வெட்டி பிடிக்காமல் ஸ்டீரிங் பிடிப்பது அன்றைக்குச் சின்ன விஷயம் அல்ல. விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் கங்காணி பேர்கூப்பிடும்போது கைகட்டி நிற்காமல், காக்கிக் காற்சட்டையோடு நேரே லொறிக்குப் போன எங்கள் குடும்பத்து முதல் ஆள் நான். அந்த வேலையும் அதில் எனக்கிருந்த பேரும்தான் என் சொத்து. பின்னால் நடந்ததெல்லாம் அதை வைத்துத்தான் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

சின்னதுரையிடம் ஒரு கார் இருந்தது. கரும்பச்சை நிறம், கூரை இல்லை, இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். சிறிய கார்தான், ஆனால் அதற்குள் ஒரு பெரிய காரின் ஆறு சிலிண்டர் எஞ்சினை இறக்கியிருந்தார். எஞ்சின் முன்னால் இருக்கும், தள்ளுவது பின்சில்லுகள், அதாவது பின்சக்கரங்கள். இந்த வகைக் காரோடு பழகியவர்களுக்குத் தெரியும், ரோடு வளைகிற ஒரு முடக்கில் முன்சில்லும் பின்சில்லும் எப்போதும் ஒரே மனதோடு இருப்பதில்லை. முன்சில்லு வழியைக் காட்டுகிறது, பின்சில்லு தள்ளுகிறது. தள்ளுகிற பலம் தாங்குகிற பலத்தைவிடக் கூடிப்போனால் காரின் வால் வெளியே ஓடப் பார்க்கும். ஆள் கெட்டிக்காரனாக இருந்தால் எக்ஸலேட்டரை அளவாகப் பிடித்துக்கொண்டு, வால் போகிற போக்கிலேயே காரைத் திருப்பி எடுப்பான். சின்னதுரை கெட்டிக்காரர்தான். அதை இல்லை என்று சொன்னால் நான் பொய்யனாவேன். தோட்டத்துக் குறுகலான ரோட்டில், ஒரு பக்கம் மண்திட்டும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கும் இடத்தில், அவர் அந்தக் காரை வாலாட்டிக் கொண்டுபோவதைக் கொழுந்துக்காரப் பெண்கள் கூடையைச் சாய்த்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டுத் திட்டுவார்கள். புழுதி முழுக்க அவர்கள் முகத்தில்தானே விழுந்தது.

துரைமார் கிளப் நடத்திய மலையேற்றப் பந்தயம் ஒன்று வரவிருந்தது. அதில் ஜெயிப்பதற்காகக் காரின் ஸ்டீரிங் அமைப்பையே மாற்றினார். சாதாரணமாக முன்சில்லு இரண்டும் ஒரு நூலளவு உள்நோக்கிப் பார்க்கும்படி வைப்பார்கள். கால் பெருவிரல்களை உள்நோக்கி வைத்து நிற்பவனின் பாதம்போல. அதைத்தான் டோ-இன் என்பது. அப்படி வைத்தால் கார் நேர்ரோட்டில் ஒழுங்காகப் போகும். இவர் அதை வெளிநோக்கித் திருப்பச் சொன்னார். வெளிநோக்கி வைத்தால் முடக்கைக் கண்டதும் கார் சட்டென்று மூக்கை நுழைக்கும். நேர்ரோட்டில் மட்டும் நிலைகொள்ளாமல் மோப்பம் பிடித்துக்கொண்டு திரியும். இன்னொன்றும் செய்தார். சைக்கிளின் முன்கவை சற்றுச் சரிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சரிவு இருப்பதால்தான் இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஓட்ட முடிகிறது, சில்லு தானாக நேருக்கு வருகிறது. காரிலும் அப்படி ஒரு சரிவு உண்டு. ஸ்டீரிங் கையில் லேசாக இருக்க வேண்டும் என்று தகடுகளைக் கழற்றி அந்தச் சரிவையும் நிமிர்த்திவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஸ்டீரிங்கைத் திருப்பினால் திருப்பிய இடத்திலேயே நிற்கும். தானாக வராது, நாம்தான் கொண்டுவர வேண்டும்.

இந்த வேலையைச் செய்தது பதுளை பஸாரில் இருந்த ஒரு கராஜில். அதன் முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். தோட்டத்து லொறியும் அங்கேதான் போகும் என்பதால் என்னை நன்றாகத் தெரியும். தகடுகளைக் கையில் வைத்துக் குலுக்கிக்கொண்டே, “தொரை, இது ரேஸுக்கு நல்லம். தோட்டத்து ரோட்டுக்குக் கூடாது,” என்று ஒருமுறை சொன்னார். சின்னதுரை சிரித்தார். முதலாளியும் உடனே சேர்ந்து சிரித்துவிட்டார். வாடிக்கைக்காரர் சிரித்தால் தானும் சிரிப்பது அவருக்கு வியாபாரத்தில் பாதி.

சின்னதுரைக்குத் தமிழ் தெரியும் என்று கிளப்பில் பெருமையாகச் சொல்வார்களாம். அவருக்குத் தெரிந்த தமிழை நான் சொல்கிறேன். வா, போ, எடு, போடு, வெட்டு, ஓட்டு. ஆளை ஏவுவதற்கு எது வேண்டுமோ அது மட்டும். தமிழில் கேள்வி கேட்கலாம், வருத்தம் சொல்லலாம், வேடிக்கை பேசலாம் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்தச் சொற்களில் அவருக்கு மிகவும் பிடித்தது ‘விடு’. சில நாட்களில் பெரிய ஜீப்பை ஓட்ட என்னைக் கூப்பிடுவார். ஏறி உட்கார்ந்ததும் டாஷ்போர்டில் தட்டி, “டிரைவர், விடு,” என்பார். வண்டியைக் கிளப்பு என்று அர்த்தம். அது சரியான தமிழ்தான், நாங்களும் வண்டியை விடு என்றுதான் சொல்வோம். ஆனால் பிடித்திருப்பதைக் கைவிடு என்பதற்கும் அதே சொல்தான். எந்த விடு எப்போது என்பது பேசுகிறவன் முகத்தையும் நேரத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்வது. முகத்தையே பார்க்காமல் பேசுகிற மனிதருக்கு இது எங்கே புரியப்போகிறது.

ஒரு சாயங்காலம் பங்களாப் புல்வெளியில், கிளப்புச் சிநேகிதர் ஒருவருக்கு அவர் கார் வித்தையை விளக்கிக்கொண்டிருந்தார். நான் ஜீப்பின் டயரைக் கழற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். தேநீர்த் தட்டில் ஒரு தீப்பெட்டியை வைத்து அதன் பின்பக்கத்தை விரலால் இடப்புறம் தள்ளினார். வால் இடப்பக்கம் போனால் ஸ்டீரிங்கையும் இடப்பக்கமே திருப்ப வேண்டும், பயந்துபோய் எதிர்ப்பக்கம் திருப்புகிறவன் செத்தான் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிக் காட்டினார். ஸ்டோர்காரர்களோடும் ஸ்டேஷன்காரர்களோடும் பழகி எனக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். மழைநாட்களில் லொறி வழுக்கும்போது நானும் அப்படித்தான் செய்வேன். ஆகவே அது எனக்குப் புதிதல்ல. ஆனாலும் அந்தத் தீப்பெட்டியை நான் மறக்கவில்லை. அவருக்கு இது தெரியும் என்பதற்கு நான் பார்த்த சாட்சி அது.

பந்தயம் நெருங்கியபோது இடப்புற முன்டயர் ஓரத்தில் மட்டும் தேய்வதை அவர் கவனித்தார். டயரின் பக்கவாட்டில் சோக்குக்கட்டியால் கோடு கிழித்துக் கொஞ்சநாள் ஓட்டிப் பார்த்தார். அதுவும் போதாமல், முடக்கில் பாரம் விழும்போது சில்லு எவ்வளவு சாய்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார். ஓட்டிக்கொண்டே அதைப் பார்க்க முடியாதல்லவா. என்னைக் கூப்பிட்டார். “நீ ஓட்டு. நான் சில்லு பாக்கிறது,” என்றார். இந்த ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது, எனக்கு இது பழக்கமில்லை என்று சொன்னேன். “லொறி ஓட்டுறது, இது ஓட்டாதா?” என்று கேட்டுவிட்டு இடப்புறச் சீட்டில் ஏறினார். முடியாது என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்ததாக இன்று யாராவது சொன்னால், அவர்கள் தோட்டத்தில் வேலை செய்யாதவர்கள்.

நாங்கள் போனது மடுவத்து முடக்குக்கு. கொழுந்து நிறுக்கும் மடுவம் அங்கே இருந்ததால் அந்தப் பெயர். மேலே ஏறுகிற ரோடு அங்கே வலப்புறமாக வளைகிறது. வலப்பக்கம் மண்திட்டு, இடப்பக்கம் பள்ளம், பள்ளம் முழுக்கத் தேயிலை. தூறல் விட்டு ரோடு ஈரமாக இருந்தது. முதல் தடவை மெதுவாகப் போனேன். அவருக்குப் போதவில்லை, திரும்பிவந்து மறுபடியும் போகச் சொன்னார். இரண்டாம் தடவை வேகமாகவே நுழைந்தேன். அவர் கதவுக்கு மேலாக உடம்பை வளைத்து, தலையை வெளியே நீட்டி, முன்சில்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் முடக்குக்குள் மூக்கை நுழைத்த வேகத்தில் ஸ்டீரிங் என் கையைவிட்டு ஓடப் பார்த்தது. ஆனால் பிடித்துக்கொண்டேன். எக்ஸலேட்டரை ஒரே அளவில் வைத்திருந்தேன், பின்சில்லு ரோட்டைக் கவ்விக்கொண்டுதான் இருந்தது. அந்த நிலையில் அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமலே, “விடு, விடு,” என்று கத்தினார்.

எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேறு என்ன செய்வேன்? பள்ளத்துப் பக்கம் தலையை நீட்டிக்கொண்டிருக்கிற மனிதர், முடக்கின் நடுவில், பதறிய குரலில் விடு என்றால் அதற்கு எந்த டிரைவரும் எடுத்துக்கொள்கிற அர்த்தம் ஒன்றுதான். அவர் நினைத்தது இன்னும் மிதி என்று. பங்களா வாசலில் சொல்கிற அதே விடு. இந்த வகைக் காரில் முடக்கின் நடுவில் திடீரென்று காலை எடுத்தால் பாரம் முழுக்க முன்னால் சாயும், பின்சில்லு தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் போகும். வால் பள்ளத்தைப் பார்த்து ஓடியது. என் கை யோசிக்காமல் ஸ்டீரிங்கைப் பள்ளத்துப் பக்கம் திருப்பியது. அந்தத் திருப்பலில் கார் பாதி அடங்கவும் செய்தது. சரிவு இருந்திருந்தால் வளையம் தானாக நேருக்கு வந்திருக்கும், நாங்களும் ரோட்டிலேயே நின்றிருப்போம். அது வரவில்லை. நான் இழுப்பதற்குள் முன்சில்லு ரோட்டோரக் கல்லில் மோத, வளையம் வெடுக்கென்று திரும்பி அதன் கை என் பெருவிரலில் அடித்தது. விரல் முறிந்த சத்தமும் மரம் பிளந்த சத்தமும் எனக்கு ஒன்றாகவே கேட்டன. அப்படியும் நான் பிடியை விடவில்லை. கார் பின்பக்கமாகத் தேயிலைக்குள் இறங்கி, செடிகளில் சிக்கிச் சரிந்து நின்றது. சின்னதுரை தூக்கியெறியப்பட்டுச் செடிமேல் விழுந்தார். தோள்பட்டை எலும்பு உடைந்ததே தவிர உயிருக்கு ஒன்றுமில்லை. என் கோபத்தில்கூட, அவர் அன்று செத்திருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

விசாரணை மறுவாரம் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நடந்தது. சின்னதுரைக்கு மேலதிகாரியான பெரியதுரை நாற்காலியில் இருந்தார். அவருக்கு இந்தக் கார் விளையாட்டுப் பிடிக்காது, அதுவும் வேலைநேரத்தில் தோட்டத்து டிரைவரை வைத்துக்கொண்டு செய்தது தெரிந்தால் சின்னதுரையின் பாடு திண்டாட்டம்தான். சின்னதுரை பக்கத்து நாற்காலியில் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கட்டுப்போட்ட கையோடு கீழே நின்றேன். நடுவில் பெரிய கிளாக்கர். அவர் பெரியதுரைக்கு என் தமிழை ஆங்கிலமாக்க வேண்டும். ஏன் காலை எடுத்தாய் என்று கேட்டார்கள். “தொரை விடுன்னு சொன்னாருங்க. நான் விட்டேனுங்க,” என்றேன். கிளாக்கர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும், நான் சொன்னது போ என்று, இவன் வேண்டுமென்றே மாற்றி அர்த்தம் பண்ணுகிறான் என்றார் சின்னதுரை. இதை நான் இன்றைக்கும் ஒரு பக்கமாக ஒதுக்கி வைக்கத் தயார். மொழி தெரியாதவர் ஒரு சொல்லைத் தப்பான இடத்தில் போட்டார், நான் என் தமிழில் அதைக் கேட்டேன். அதற்காக ஒரு மனிதரை ஆயுள் முழுக்க வெறுக்க முடியாது.

பிறகு மடுவத்துக் கங்காணியைக் கூப்பிட்டார்கள். அவர் அன்று மடுவத்து வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். “சில்லு பள்ளத்தப் பாத்துத்தாங்க திரும்பியிருந்துச்சு. அத நான் கண்ணால பாத்தேனுங்க,” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பெரியதுரையின் முகம் மாறியது. மலைரோட்டில் பள்ளத்தைப் பார்த்து ஸ்டீரிங்கைத் திருப்புகிறவன் ஒன்று முட்டாள், இல்லை கொலைகாரன் என்பது அவர் எண்ணம். நான் விளக்கினேன். “வால் பள்ளத்துக்குப் போச்சுங்க. அதான் மூக்கையும் அந்தப் பக்கமே திருப்புனேன். மலைப்பக்கம் திருப்பியிருந்தா சுத்திக்கிட்டுத் தலகீழா போயிருப்போமுங்க. நம்ம சின்னதொரைக்கே தெரியுமுங்க.” இத்தனையையும் கேட்டுவிட்டுக் கிளாக்கர் பெரியதுரையிடம், பள்ளத்துப் பக்கம் திருப்பியதை ஒப்புக்கொள்கிறான் என்று சுருக்கமாக முடித்தார். அந்த மனிதரின் வாயில் என் பேச்சு எப்போதுமே பாதியாகித்தான் வெளியே வரும்.

பெரியதுரை சின்னதுரையைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கண்ணில் அப்போது தெரிந்ததெல்லாம் தேநீர்த் தட்டும் தீப்பெட்டியும்தான். இவன் திருப்பியது சரி, நானாக இருந்தாலும் அப்படித்தான் திருப்பியிருப்பேன். இவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி ஸ்டீரிங்கை மாற்றியது யார் என்பதில் போய் நிற்கும். அதை யோசித்துக்கொண்டு கொஞ்சநேரம் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், ஆமாம், பள்ளத்துப் பக்கம்தான் திருப்பினான் என்றார். அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதைவிட மோசமான பொய்யை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

லொறிச்சாவியை அன்றே வாங்கிக்கொண்டார்கள். விரல் ஆறியதும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலைக்குப் பேர் விழுந்தது. பெரட்டுக்களத்தில் போய்க் கைகட்டி நின்றேன். எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. ‘பள்ளத்து டிரைவர்’ என்று பட்டம் வைத்தார்கள். தண்ணி பிடிக்கிற பீலியில் நின்றாலும் கோவிலில் நின்றாலும் யாராவது ஒருவன், “அண்ணே, பள்ளம் எந்தப் பக்கம்?” என்று கேட்பான். சிரித்துவிட்டுப் போகலாம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இன்றும் வரவில்லை. கராஜ் முதலாளியிடம் போய், ஸ்டீரிங்கில் என்ன மாற்றம் செய்தீர்கள் என்று பெரியதுரையிடம் வந்து சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். “தம்பி, நீ சொல்றது முழுக்க நாயம். ஆனா நான் யாவாரம் செய்றவன். நாளைக்கு அந்தத் தோட்டத்து லொறி வராட்டி என்ட கராஜ்ல நான் ஈ ஓட்டிக்கிட்டுத்தான் இரிக்கணும்,” என்றார். பிறகு மனசு கேட்காமல், வேண்டுமானால் என்னிடம் வேலைக்கு வா என்றார். போனேன். சில்லு சரிபார்க்கிற வேலையை எடுத்துக்கொண்டு பதுளையிலேயே தங்கிவிட்டேன். அவர் கையால் பல வருடம் சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் அன்று அவர் வரவில்லை என்பது வரவில்லைதான்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு சின்னதுரை வெளிநாடு போகத் தயாரானார். காரை விற்பதற்கு முன்னால் ஸ்டீரிங்கைப் பழைய அளவுக்கே கொண்டுவரும்படி கராஜுக்கு அனுப்பியிருந்தார். அதை எடுத்துப்போக அவரே வந்தார். நான் குழிக்குள் நின்று கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே அவருடைய சப்பாத்துக் கால் மட்டும் தெரிந்தது. கராஜில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார் போல. “அன்னிக்கி நீ திருப்புனது சரி,” என்றார். இத்தனை வருடத்தில் தமிழ் கொஞ்சம் தேறியிருந்தது. “அத ஆபீஸ் வாசல்ல சொல்லியிருக்கலாமேங்க தொரை,” என்றேன். சப்பாத்து இடம் மாறியது. “விடு. பழைய கதை,” என்றார். அந்தச் சொல்லை அவர் முதல்தடவையாகச் சரியான அர்த்தத்தில் சரியான இடத்தில் சொன்னது அன்றுதான். என் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அதை வைத்து நட்டைத்தான் இறுக்கினேன். டோ-இன் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கார் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

விரிசல் விட்ட வளையத்தை மட்டும் கழற்றிப் பங்களாவில் வைத்துவிட்டு, வேறொன்றைப் போட்டுக் காரை விற்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்த வளையம்தான் இப்போது விளக்கின் கீழ் தொங்குகிறது. பித்தளைத் தகட்டை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். டிரைவர் நிதானமிழந்த ஆபத்தான வேளையில், பக்கத்தில் அமர்ந்திருந்த துரை எட்டி இந்த வளையத்தைப் பிடித்துத் திருப்பி இருவர் உயிரையும் காப்பாற்றினார் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். அவர் சொல்லித் திரிந்த கதையாகத்தான் இருக்கும். நான் திருப்பியபோது அது குற்றம். அவர் திருப்பியதாகச் சொன்னதும் அதற்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள்.

வரவேற்பு மேசையில் வேலை செய்கிற பெண்பிள்ளை ஒருத்தி, நான் அங்கேயே நிற்பதைப் பார்த்துவிட்டு வந்தாள். பேச்சிலேயே எங்கள் லயத்துப் பிள்ளை என்று தெரிந்தது. விருந்தினர்களுக்குச் சொல்கிற கதையை எனக்கும் சொன்னாள். “எந்தப் பக்கம் திருப்புனாராம்மா?” என்று கேட்டேன். “பள்ளத்துப் பக்கமுங்க,” என்றாள். “பள்ளத்துப் பக்கம் திருப்பினா விழுந்துற மாட்டாங்களா?” என்றேன். அவள் என்னை ஒன்றும் தெரியாத கிழவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “இல்லீங்கய்யா. வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கந்தான் திருப்பணும். எங்க அண்ணன் திரீவீல் ஓட்டுறாரு. மழையில அப்பிடித்தான் செய்வாரு.”

அந்த ஒரு வாக்கியம். ஆபீஸ் வாசலில் கட்டுப்போட்ட கையோடு நின்று நான் எதிர்பார்த்த அந்த ஒரே வாக்கியத்தை, ஒரு பெண்பிள்ளை கையிலிருந்த பேனாவை மூடிக்கொண்டே சொல்லிவிட்டாள். அவளுக்கு அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை. எனக்கு அத்தனை கோபம் வந்தது. “திருப்புனது அவரு இல்லம்மா. நான்தான்,” என்றேன். அவள் நம்பாமல் சிரித்தாள். நான் கையை நீட்டி அந்த வளையத்தைப் பிடித்தேன். கோணல் பெருவிரல் அந்த விரிசலின் மேல் வந்து உட்கார்ந்தது. அவள் விரலைப் பார்த்தாள், விரிசலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு மானேஜர் இருக்கிற அறைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“நீங்க சொல்றது நெசமாத்தான் இருக்கும் ஐயா. ஆனா தகட்டுல உள்ளதத்தான் நாங்க சொல்லணும். விடுங்க.”

வளையத்தைச் சொன்னாளா, கதையைச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் நான் விடவில்லை.